தாத்தா பெட்டியில் இருந்த பழைய காசு... விற்றால் வரி கட்டணுமா? காசுக்குக் காசு மாற்றினாலும் வரியா? முழு விவரம்

பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தால் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள், ஓட்டைக் காலணா, துணியில் முடிந்து வைத்த ஒரு தங்கப் பவுன். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இப்படி ஒரு டப்பா உண்டு. அதைப் பார்த்தே நாணயம் சேர்க்கும் ஆசை வந்தவர்களும் நிறைய பேர்.

வெள்ளி, தங்கம் விலை ஏறும்போதெல்லாம் "இதை வித்துடலாமா?" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். கண்காட்சிக்கு எடுத்துப்போனால் வியாபாரி ஒரு விலை சொல்வார், கையில் பணம் வரும். அதோடு கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள்.

ஆனால் வருமான வரிச் சட்டத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. "இது பொழுதுபோக்குதானே, வியாபாரமா பண்றோம்?" என்ற கேள்வி நியாயமானது. சட்டம் அதற்குச் சொல்லும் பதில் என்ன? எவ்வளவு வரி? பணமே கைமாறாமல் காசுக்குக் காசு மாற்றிக்கொண்டால்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"சொந்தப் பொருளை விற்றால் வரி இல்லையே?"

பழைய சைக்கிள், ஃபிரிட்ஜ், சோபாவை விற்றால் யாரும் வரி கட்டுவதில்லை. காரணம், சொந்த உபயோகத்துக்கான பொருட்களை மூலதனச் சொத்து என்ற கணக்கில் சட்டம் சேர்ப்பதில்லை. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு, கலைப்பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவை வீட்டில் இருந்தாலும் மூலதனச் சொத்துதான்.

இந்தப் பட்டியலில் 'நாணயம்' என்ற சொல் தனியாக இல்லை. அப்போ காசுக்கு வரி இல்லையா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ராஜஸ்தானின் தோல்பூர் மன்னர் குடும்பம் தங்க சவரன்களையும், வெள்ளி நாணயங்களையும், வெள்ளிக் கட்டிகளையும் விற்றது. இவை லட்சுமி பூஜையில் வைத்து வழிபடும் பொருட்கள், ஆகவே சொந்த உபயோகப் பொருட்கள் என்பது அவர்கள் வாதம். 1976-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு பொருள் சொந்த உபயோகப் பொருள் ஆக வேண்டுமானால், அதற்கும் அந்த மனிதருக்கும் நெருங்கிய உபயோகத் தொடர்பு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பூஜையில் வைப்பது போதாது என்று சொல்லிவிட்டது.

பூஜையில் வைத்த காசுக்கே அந்த நிலை என்றால், ஆல்பத்தில் செருகி வைத்த காசுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேகரிப்பு நாணயத்தை மூலதனச் சொத்தாகவே கருதி, விற்கும்போது லாபத்தைக் கணக்கில் காட்டுவதுதான் பாதுகாப்பான வழி.

எவ்வளவு வரி?

இங்கே ஒரு நல்ல செய்தி. விற்ற தொகை முழுவதற்கும் வரி கிடையாது. லாபத்துக்கு மட்டும்தான்.

நாணயம் உங்களிடம் எவ்வளவு காலம் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால மூலதன ஆதாயம். வரி 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். 24 மாதங்களோ அதற்குக் குறைவோ என்றால் குறுகியகால ஆதாயம். அது உங்கள் சம்பளம், வட்டி போன்ற மற்ற வருமானத்தோடு சேர்ந்து, நீங்கள் எந்த ஸ்லாபில் இருக்கிறீர்களோ அந்த விகிதத்தில் வரி விதிக்கப்படும்.

முன்பு விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடும் வசதி இருந்தது. 2024 ஜூலை 23 முதல் நாணயங்களுக்கு அது இல்லை. அன்று முதல்தான் 12.5 சதவீதம் என்ற விகிதம் வந்தது.

இதில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, "1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை" என்ற விதி. அது பங்குகள், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான சலுகை. நாணயத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, "12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை" என்ற பேச்சு. புதிய வரி முறையில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி, நீண்டகால மூலதன ஆதாயம் போல தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்குக் கிடைக்காது. சம்பளம் 9 லட்சம், நாணயத்தில் கிடைத்த நீண்டகால லாபம் 1 லட்சம் என்றால், சம்பளத்துக்கு வரி இல்லாமல் போகலாம். நாணய லாபத்துக்கு ரூ.12,500-ம் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். வேறு வருமானம் மிகவும் குறைவாக இருப்பவர்கள் மட்டும், அடிப்படை விலக்கு வரம்பில் மிச்சம் இருக்கும் அளவுக்கு இந்த லாபத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

பில் இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் ஒரு வரி

நாணயச் சேகரிப்பாளர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். ஒரு உதாரணம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2016-ல் ரூ.60,000 கொடுத்து ஒரு அரிய வெள்ளி ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக ரூ.1 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் ரூ.40,000. வரி ரூ.5,000, செஸ் ரூ.200. மொத்தம் ரூ.5,200.

அதே ஆசிரியரிடம் வாங்கியதற்கான பில் இல்லை, வேறு ஆதாரமும் இல்லை. "60 ஆயிரத்துக்கு வாங்கினேன்" என்று சொல்வதை அதிகாரி ஏற்கவில்லை என்றால், விற்ற 1 லட்சமும் லாபமாகக் கொள்ளப்படும் ஆபத்து உண்டு. அப்படியானால் வரி செஸ்ஸோடு ரூ.13,000.

இன்னும் கொடுமையான நிலை ஒன்று உண்டு. அந்த நாணயத்தின் மவுசு குறைந்து, அவர் ரூ.50,000-க்குத்தான் விற்க முடிந்தது என்றால்? உண்மையில் அவருக்கு ரூ.10,000 நஷ்டம். பில் இருந்தால் ஒரு பைசா வரி இல்லை. அந்த நஷ்டத்தை வேறு நீண்டகால லாபத்தில் கழிக்கலாம். ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லவும் முடியும். பில் இல்லாவிட்டால், நஷ்டப்பட்டவரே ரூ.6,500 வரி கட்ட வேண்டிய நிலை வரலாம்.

கண்காட்சி மேசைகளில் பல நேரம் துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதித் தருவார்கள். அது போதாது. ஆட்சியாளர் பெயர், ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, விலை, தேதி, விற்றவர் பெயர் இவை இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஒரே மன்னர் தலை பொறித்த ரூபாயிலேயே இவை மாறும். 1939 வரையிலான வெள்ளி ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலானவற்றில் 50 சதவீதம்தான். 'வெள்ளி ரூபாய் 1' என்று மட்டும் எழுதிய பில், எந்தக் காசுக்கானது என்று நாளை யாராலும் சொல்ல முடியாது. பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கொடுத்தால் அந்தப் பதிவும் கூடுதல் ஆதாரம்.

தாத்தா காசுக்கு ஏது பில்?

பரம்பரையாக வந்ததற்கு பில் கேட்டால் எங்கே போவது? சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது.

உயில் மூலமோ வாரிசு என்ற முறையிலோ நாணயம் உங்களுக்கு வந்தபோது வரி எதுவும் இல்லை. விற்கும்போதுதான் கணக்கு. அப்போது தாத்தா அல்லது அப்பா வாங்கிய விலையே உங்கள் விலை. அவர்கள் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். போன மாதம்தான் கைக்கு வந்தது என்றாலும், அப்பா 30 ஆண்டுகள் வைத்திருந்தால் அது நீண்டகாலச் சொத்துதான்.

அந்த நாணயம் 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்திருந்தால் இன்னொரு வசதி. அந்தத் தேதியில் அதற்கு இருந்த சந்தை மதிப்பை, வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். காலணாவுக்கும் அரையணாவுக்கும் வாங்கிய விலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அதே நேரம், காசு குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய லாக்கர் பதிவு, குடும்பத்தார் கையெழுத்திட்ட பட்டியல் எதுவானாலும் சரி. எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத மதிப்புமிக்க பொருளை 'கணக்கில் வராத சொத்து' என்று துறை கருதினால், 12.5 சதவீதத்தைவிடப் பல மடங்கு கடுமையான வரி பாயும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கோ மகளுக்கோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் இதே கணக்குதான். அப்போதும் வரி இல்லை. உறவினர் அல்லாதவரிடம் இருந்து வரும் பரிசுதான் சிக்கல். தங்கம், வெள்ளிக் கட்டி, நகை, தொல்பொருள் சேகரிப்பு போன்றவை ஓராண்டில் ரூ.50,000-க்கு மேல் வந்தால், பெற்றவரின் வருமானமாகிவிடும். தங்கக் காசும் இதற்குள் வர வாய்ப்பு அதிகம்.

காசுக்குக் காசு மாற்றினால்?

"நான் எதையும் விற்கலையே, என்கிட்ட ரெண்டு இருந்தது, ஒண்ணைக் கொடுத்து வேற ஒண்ணு வாங்கினேன்." சேகரிப்பாளர்கள் இடையே தினமும் நடப்பது இது. இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தில் 'சொத்து கைமாறுதல்' என்றால் விற்பனை மட்டுமல்ல, பரிவர்த்தனையும்தான். அதாவது, பண்டமாற்றும் விற்பனைக்குச் சமம். பணமே வராவிட்டாலும், வாங்கிக்கொண்ட நாணயத்தின் அன்றைய மதிப்புதான் நீங்கள் விற்ற விலை.

கணக்கைப் பாருங்கள். 2015-ல் ரூ.2,000-க்கு வாங்கிய நாணயத்தைக் கொடுத்து, ரூ.10,000 மதிப்புள்ள வேறொரு நாணயத்தை வாங்குகிறீர்கள். லாபம் ரூ.8,000. வரி ரூ.1,000, செஸ் ரூ.40. கையில் ஒரு ரூபாய்கூட வராமலேயே ரூ.1,040 வரி.

"இது அநியாயமா இருக்கே" என்று தோன்றலாம். ஆனால் இதே வரி மறுபடி வராது. புதிதாக வந்த நாணயத்தின் அடக்கவிலை இனி ரூ.10,000. நாளை அதை ரூ.12,000-க்கு விற்றால் லாபம் ரூ.2,000 மட்டும்தான். மாற்றிய அன்று மதிப்பை எழுதி வைக்காவிட்டால் இந்தப் பலன் கிடைக்காமல் போகும். புதிய நாணயத்துக்கு 24 மாதக் கணக்கும் மாற்றிய நாளில் இருந்தே தொடங்கும்.

எனவே மாற்றும்போது இருவரும் ஒரு தாளில் தேதி, இரண்டு நாணயங்களின் விவரம், ஒத்துக்கொண்ட மதிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பொழுதுபோக்கு எப்போது வியாபாரம் ஆகும்?

எப்போதாவது விற்பவர் சேகரிப்பாளர். விற்பதற்காகவே வாங்குபவர் வியாபாரி. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? சட்டம் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. சூழ்நிலையை மொத்தமாகப் பார்ப்பார்கள். மாதம்தோறும் வாங்கி விற்கிறாரா? கண்காட்சிகளில் மேசை வாடகைக்கு எடுக்கிறாரா? ஒரே நாணயத்தை மொத்தமாக வாங்குகிறாரா? கடன் வாங்கி முதல் போடுகிறாரா? வாங்கிய சில வாரங்களிலேயே விற்கிறாரா? இவற்றுக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்றால் அது வியாபார வருமானம்.

அப்படியானால் 12.5 சதவீத விகிதம் கிடைக்காது, லாபம் முழுக்க ஸ்லாப் விகிதத்தில் வரும். பதிலுக்கு மேசை வாடகை, பயணம், பேக்கிங், தபால் செலவு எல்லாவற்றையும் கழிக்கலாம். மூலதன ஆதாயக் கணக்கில், விற்பதற்காக நேரடியாகச் செய்த ஏலக் கமிஷன் போன்ற செலவைத்தான் கழிக்க முடியும். ஆல்பம், பூதக்கண்ணாடி, சங்கச் சந்தா இவற்றைக் கழிக்க முடியாது.

ஜிஎஸ்டி விஷயமும் இப்படித்தான். சொந்தச் சேகரிப்பில் இருந்து ஒன்றிரண்டு விற்பவர் வியாபாரம் செய்யவில்லை, எனவே ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தனிநபர் தன் பழைய நகையை நகைக்கடையில் விற்றால் ஜிஎஸ்டி வராது என்று 2017 ஜூலையில் மத்திய அரசு விளக்கம் தந்ததும் இதே காரணத்துக்காகத்தான். வியாபாரமாகச் செய்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிமாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தால் அந்த வரம்புகூடக் கிடையாது.

வாங்கும்போது தங்க, வெள்ளிக் காசுகளுக்கு நீங்கள் கட்டும் 3 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கவிலையில் சேரும். பில்லைத் தூக்கிப் போடாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

துறைக்கு எப்படித் தெரியும்?

"யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது தெரியும் வழிகள் அதிகம்.

ஆன்லைன் விற்பனைத் தளங்கள், விற்பவர் கணக்கில் இருந்து 0.1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தனிநபரின் விற்பனை ஆண்டுக்கு ரூ.5 லட்சத்தைத் தாண்டாமல், பான் அல்லது ஆதார் எண்ணும் கொடுத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள்.

2025 ஏப்ரல் 22 முதல் இன்னொரு விதியும் வந்தது. ரூ.10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள சில ஆடம்பரப் பொருட்களை விற்கும் வியாபாரி, வாங்குபவரிடம் 1 சதவீதம் டிசிஎஸ் வசூலிக்க வேண்டும். கைக்கடிகாரம், ஓவியம் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் 'நாணயம், தபால்தலை போன்ற சேகரிப்புப் பொருட்கள்' என்றும் இருக்கிறது. இது கூடுதல் வரி அல்ல. ரிட்டர்ன் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கிய விவரம் துறையின் கணக்கில் ஏறிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரொக்க விதி. ஒருவரிடம் இருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்காக, ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. ரூ.2.5 லட்சத்துக்கு நாணயம் விற்று முழுவதையும் ரொக்கமாக வாங்கினால், அபராதமும் ரூ.2.5 லட்சம் வரும். நாணயமும் போய், பணமும் போய்விடும். தவணை தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனை என்றால் தப்ப முடியாது.

இவற்றையும் மறக்காதீங்க

மண்ணில் கிடைத்த காசு உங்கள் சேகரிப்பு ஆகாது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுகளைக் கடந்த நாணயம் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குத் தனிநபர் அனுப்பக் கூடாது, வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். செல்லாத பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் சேகரிப்புக்காக 25 வரைதான் வைத்திருக்கலாம்.

வரியின் பெயரால் நடக்கும் மோசடியும் உண்டு. "வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய் காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் ஜிஎஸ்டியும் கமிஷனும் கட்டுங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை. வங்கியே 2021 ஆகஸ்டில் இதை அறிக்கையாக வெளியிட்டது. விற்பவர் வரியை ரிட்டர்னோடு அரசுக்குத்தான் கட்டுவார், வாங்குபவரின் கணக்குக்கு முன்பணமாக அனுப்ப மாட்டார்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி. என்ன காசு, எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு.

2. பில்லையும் நாணயத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

3. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, எந்தக் காசு யார் காலத்தில் வந்தது என்று கேட்டு எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள்.

4. மாற்றினாலும் மதிப்பை எழுதுங்கள்.

5. விற்ற ஆண்டில் மூலதன ஆதாயம் காட்ட ஐடிஆர்-2 படிவம் தேவைப்படும். எளிய ஐடிஆர்-1 போதாது. வியாபாரம் என்றால் ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4.

2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்டது. பிரிவு எண்கள் மாறினாலும் இங்கே சொன்ன அடிப்படைகள் அப்படியே தொடர்கின்றன. பெரிய தொகைக்கு விற்கும் முன் ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்க. டப்பாவில் இருக்கும் காசுக்கு எவ்வளவு வரி என்பதை அதில் உள்ள வரிகள்தான் முடிவு செய்யும்.